பாடகி நிறுத்திய பிறகும் பாட்டு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், நகரில் நடந்த ரஷ்யப் பாடல் நிகழ்ச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. குரலும் பியானோவும் மட்டும் வைத்து ஒன்றரை மணி நேரம், ஒலிபெருக்கி இல்லாமல், நூற்றைம்பது பேர் உட்காரும் ஓர் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு நிருபரையும் படக்காரரையும் அனுப்பியது பெரிய விஷயம். ஆனால் கட்டுரையைப் படித்து முடித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் பாடகியின் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. அவருடைய குரல், அவர் உடுத்தியிருந்த நீலப் புடவை, அவர் படித்த இடம் எல்லாம் வருகிறது. வரட்டும், அவ்வளவுக்கும் தகுதியான பாட்டுதான். பியானோ வாசித்தவரைப் பற்றி ஒரே வரி: பின்னணியில் பியானோ இனிமையாக ஒலித்தது. பெயர் இல்லை. படத்தில் பியானோவின் திறந்த மூடி தெரிகிறது, வாசித்தவர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. பாட்டுகளை எழுதிய கவிஞர்கள் ஒருவர் பெயர்கூட இல்லை. முடிவில் ரஷ்யப் பாடல்கள் என்றாலே சோகம்தான் என்று ஒரு தீர்ப்பு.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர்களோடு பியானோ வாசிப்பவள். அன்றைக்கு மேடையில் நான் இல்லை, ஆறாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வாசித்தவர் எனக்கு உறவும் இல்லை, மாணவரும் இல்லை. அவருக்காகப் பரிந்து பேச வரவில்லை. அந்தப் பாடல்களில் "பின்னணி" என்று எதுவுமே கிடையாது என்று சொல்லத்தான் வந்தேன்.

அன்று என்ன நடந்தது என்று உங்கள் நிருபருக்கு நினைவிருக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் "இங்கே நன்றாக இருக்கிறது" என்ற பாட்டு. 1902இல், தன் திருமணத்தை ஒட்டிய மாதங்களில் அவர் எழுதியது. மொத்தமே இரண்டு நிமிடம் வாக்கில்தான். ஆறு தூரத்தில் தீயாக மின்னுகிறது, புல்வெளி வண்ணக் கம்பளமாக விரிந்திருக்கிறது, மனிதர்கள் யாரும் இல்லை, கடவுளும் நானும் மட்டும், அப்புறம் பூக்கள், ஒரு கிழட்டுப் பைன் மரம், கடைசியாக நீ, என் கனவே. அந்தக் கடைசி வரியில் குரல் மேலே மேலே போய், பாட்டிலேயே உயரமான ஸ்வரத்தைத் தொடுகிறது. அங்கே கத்தக் கூடாது. மிக மெல்லப் பாட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண் அதைப் பாடிய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குரல் இறங்கி நின்றதும் பியானோ அதே ஏக்கத்தை எடுத்துக்கொண்டு இன்னும் சில அடிகள் நடந்து போய், அப்புறம்தான் அடங்கும். ஆனால் பாடகி வாயை மூடிய அடுத்த நொடி அரங்கம் கைதட்டிவிட்டது. பியானோ சொல்ல வந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. வாசித்தவர் தலையை நிமிர்த்தாமல் கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தார்.

கைதட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடுபவர் நிறுத்தினால் பாட்டு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், யாரும் வேறு மாதிரி அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்திரிகை சொல்லலாம் இல்லையா?

இந்தப் பாட்டு வகைக்கு ரஷ்யாவில் "ரொமான்ஸ்" என்று பெயர். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், காதல் பாட்டு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல கவிஞரின் கவிதை, அதற்கு ஓர் இசையமைப்பாளர் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதிய இசை, இரண்டும் சேர்ந்தது. வீட்டுக் கூடத்தில் பிறந்தது இது. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் வசதியுள்ள குடும்பங்களின் வீட்டில் பியானோ இருந்தது, மாலையில் நாலு பேர் கூடினால் ஒருவர் வாசிப்பார், ஒருவர் பாடுவார், மற்றவர்கள் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். ஓபரா என்கிற இசை நாடகம் மாதிரி இரண்டாயிரம் பேருக்கு எட்டும்படி குரலை வீச வேண்டிய தேவையே கிடையாது. ஒருவர் இன்னொருவரிடம் தணிந்த குரலில் பேசுகிற அளவு போதும். இன்றைக்குப் பெரிய அரங்குகளில் பாடும்போதும் அந்தப் பேச்சின் நெருக்கம் போய்விட்டால் ரொமான்ஸ் போய்விடும்.

கிளிங்கா என்ற இசையமைப்பாளரின் கதையைச் சொன்னால் அந்த உலகம் கொஞ்சம் பிடிபடும். கவிஞர் புஷ்கின் 1825இல் அன்னா கெர்ன் என்ற பெண்ணுக்காக ஒரு கவிதை எழுதினார். என் முன் நீ தோன்றிய அந்த அற்புதக் கணம் நினைவிருக்கிறது என்று தொடங்கும். பதினைந்து வருடம் கழித்து, 1840இல், கிளிங்கா அதற்கு இசை அமைத்தார். அவர் அதை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் என்றால், அன்னா கெர்னின் மகள் எகத்தெரீனாவுக்கு, அவளைத்தான் அவர் நேசித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுதிய வரிகள் மகளுக்கான பாட்டாகிவிட்டன. இத்தனை சொந்தமான விஷயம் இது. மேடையில் நின்று முழங்குவதற்கு எழுதப்பட்டதாக இதை எப்படிப் பாட முடியும்?

சரி, பியானோவுக்கு வருகிறேன். அன்றைக்குப் பாடிய இன்னொரு பாட்டு, "பாடாதே அழகியே, என் முன்னால்". புஷ்கினின் வரிகள், ராக்மனினோவ் இருபது வயதுப் பையனாக இருந்தபோது அமைத்த இசை. ஜார்ஜியா நாட்டின் சோகப் பாட்டைப் பாடாதே, அது எனக்கு வேறொரு வாழ்வையும் தூரத்துக் கரையையும் நினைவூட்டுகிறது என்று ஒருவன் ஒரு பெண்ணிடம் கெஞ்சுகிறான். அந்தப் பெண் எங்கே? அவள் பாடுகிற அந்த ஜார்ஜியப் பாட்டு எங்கே? கவிதையில் அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. பியானோவில் இருக்கிறாள். பாட்டுத் தொடங்கும்போது இடது கையில் ஒரே ஸ்வரம் சுருதிப் பெட்டி மாதிரி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது, அதன் மேல் வலது கையில் ஒரு மெட்டு வளைந்து நெளிந்து இறங்குகிறது. அதுதான் அவளுடைய பாட்டு. பாடகர் வாயைத் திறக்கும் முன்பே அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் அவன் பாடாதே என்கிறான். நடுவில் அவன் நினைவுகள் கொந்தளித்து அடங்கிய பிறகு அந்த முதல் வரி மறுபடி வருகிறது. இப்போது பியானோ அவளுடைய மெட்டையே திரும்ப வாசிக்க, குரல் உச்சியில் மெல்லத் தொடங்கி, அரை அரை ஸ்வரமாக நழுவி நழுவி அந்த மெட்டோடு பின்னிக்கொண்டு கீழே வருகிறது. அவன் கெஞ்சியும் அவள் நிறுத்தவில்லை. இதைப் பின்னணி என்று எழுதினால் பாட்டிலிருந்து அந்தப் பெண்ணையே நீக்கிவிட்டோம் என்று பொருள். (இந்தப் பாட்டை அவர் நத்தாலியா சாத்தினா என்ற பெண்ணுக்குக் காணிக்கை ஆக்கினார், 1902இல் அவளையே மணந்தார்.)

ராக்மனினோவ் தானே பெரிய பியானோ கலைஞர், அதனால் அவர் பாட்டில் பியானோ கூடுதலாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி நூற்றுக்கும் மேல் ரொமான்ஸ் எழுதினார். அவருடைய கடைசித் தொகுப்பு 1893இல், இறந்த அதே வருடத்தில் வந்தது, தானியீல் ரத்தாவுஸ் என்ற இளம் கவிஞரின் ஆறு கவிதைகள். அதில் ஆறாவது, "மறுபடியும், முன்போலவே, தனியாக". குரல் பெரும்பாலும் ஒரு சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, வெளியே போக வழி தெரியாத மாதிரி. பாடத் தெரிந்த யாரும் ஸ்வரங்களை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஆனால் கீழே பியானோ ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை மாற வேண்டும், மாறியதாகத் தெரியவும் கூடாது. அதை வாசிக்கப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

ஃபியோதர் ஷல்யாப்பின் என்ற மகா பாடகர், ராக்மனினோவ் பிறந்த அதே 1873இல் பிறந்தவர். 1897 வாக்கில் மாஸ்கோவில் ஒரு தனியார் ஓபராவில் இருவரும் வேலை பார்த்தபோது தொடங்கிய நட்பு. ராக்மனினோவ் பியானோவில் இருக்கும்போது நான் பாடுகிறேன் என்று சொல்லக் கூடாது, நாங்கள் பாடுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிற்பாடு ஷல்யாப்பின் தன் நினைவுகளில் எழுதினார். இதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை என்றுகூடத் தோன்றுகிறது.

பக்கவாத்தியம் என்ற சொல்லும் கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. கச்சேரியில் பக்கவாத்தியம் என்றால் வயலின்காரர் பெயரும் மிருதங்கக்காரர் பெயரும் அழைப்பிதழிலேயே அச்சாகும், உங்கள் விமர்சகரும் தனியாவர்த்தனத்துக்கு ஒரு பத்தி எழுதுவார். அந்த மரியாதையே இங்கே கிடைக்கவில்லை என்பது ஒரு வருத்தம். அதோடு வேலையும் வேறு. கச்சேரியில் வயலின் குரலின் நிழலாகப் பின்தொடர்கிறது, பாடகர் அந்த நிமிடம் கற்பனை செய்வதைப் பிடித்துக்கொள்கிறது. ரொமான்ஸில் பியானோவுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் முன்பே எழுதியிருக்கிறது, பெரும்பாலும் குரலுக்கு இல்லாத ஸ்வரங்கள். குரல் ஒன்று சொல்லும்போது அது வேறொன்று சொல்லும், சில சமயம் குரல் சொல்லத் தயங்குவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இந்தப் புரியாமை மேடைக்குப் பின்னாலும் உண்டு. சில வருடங்களுக்கு முன், ஊர் பெயர் வேண்டாம், ஒரு நிகழ்ச்சியில் ஏற்பாட்டாளர் வந்து பியானோ மூடியை அடைத்துவிடுங்கள், பாடுபவர் குரல் கேட்காது என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அடைத்தார்கள். என்ன ஆயிற்று என்றால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கலங்கிப் போயின. பாடுபவர் தன் சுருதியைப் பிடிப்பதே அந்தக் கீழ் ஸ்வரங்களிலிருந்துதான், அது காதில் விழாததால் அவர் குரலை அழுத்த ஆரம்பித்தார், அழுத்த அழுத்த சுருதி ஏறியது. மூடியைத் திறந்து வைத்து, வாசிப்பவர் தன் காதை வைத்து அளவு பார்ப்பதுதான் சரியான வழி. ராக்மனினோவின் கனமான கூட்டு ஸ்வரங்களில் எல்லா விரலும் ஒரே பலத்தோடு இறங்கினால் எந்தக் குரலும் மூழ்கும். அடி ஸ்வரத்துக்கு உடம்பு, மேலே ஓடும் மெட்டுக்கு வெளிச்சம், நடுவில் உள்ளதெல்லாம் மூச்சுக் காற்று அளவு, இப்படிப் பிரித்து வாசித்தால் மூடி திறந்திருந்தும் பாடகர் கிசுகிசுப்பது கடைசி வரிசைக்குக் கேட்கும். அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் சொன்னார்கள், நேரம் ஆகிறது, பாட்டு முடிந்ததும் பியானோ வாசிப்பதை விட்டுவிடுங்கள் என்று. அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

அப்புறம் சொற்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்ல ஒரு தனிக் காரணமும் இருக்கிறது.

ஒரு பாட்டை எடுத்தால் முதல் ஒத்திகையில் நாங்கள் பாடவே மாட்டோம். பாடுபவர் கவிதையை வாய்விட்டுப் படிப்பார், நான் கேட்பேன், அப்புறம் நானும் படிப்பேன். ரஷ்ய மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரிடத்தில்தான் அழுத்தம் விழும், அது இடம் மாறினால் பொருளே மாறும். முதல் அசையில் அழுத்தி "ஸாமக்" என்றால் கோட்டை, இரண்டாவதில் அழுத்தி "ஸமோக்" என்றால் பூட்டு. அழுத்தம் இல்லாத ஓகாரம் அகரமாக மங்கிவிடும், ஹொரொஷொ என்று எழுதியிருந்தாலும் ஹரஷோ என்றுதான் சொல்வார்கள். அதைவிடச் சிரமம் மெய்யெழுத்துக் கூட்டம். நம் மொழியில் சொல் மெய்யோடு தொடங்காது, அவர்களுக்கோ "பார்வை" என்ற சொல்லே வ், ஸ், க், ல் என நான்கு மெய்யோடு தொடங்குகிறது. பாடும்போது உயிரெழுத்துதான் தாளத்தில் சரியாக விழ வேண்டும், அந்த நாலு மெய்யும் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு துளி நேரம் வேண்டும், அந்தத் துளியைக் கொடுப்பது பியானோ வாசிப்பவர். அவருக்குச் சொல் தெரியாவிட்டால் காத்திருக்கத் தெரியாது, அவர் விரல் முந்திவிடும், பாடுபவர் சொல்லை விழுங்குவார். அன்றைக்கு ஓரிடத்தில்கூட அப்படி நடக்கவில்லை. கவிதை முழுவதையும் வாசித்தவரும் மனப்பாடமாக வைத்திருந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஏனென்றால் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ரஷ்ய மொழியில் ஓர் உயிரொலி இருக்கிறது, ஆங்கிலம் வழியாக ரஷ்யம் கற்கிறவர்கள் அதில் திணறுவார்கள். இ மாதிரியும் இருக்காது, உ மாதிரியும் இருக்காது. நாம் அந்த ஒலிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். "பத்து" என்று சொல்லிப் பாருங்கள், கடைசி "து"வில் உதடு குவியவே குவியாது. நம் இலக்கணம் அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த "து"வை நாக்கைச் சற்று முன்னே கொண்டுவந்து கொஞ்சம் நீட்டினால் ரஷ்ய மொழியில் "நீ" என்ற சொல் கிடைத்துவிடும். தகரம்கூட நம்முடையது போலப் பல்லில் நாக்கு படுகிற தகரம்தான். மேலே சொன்ன ராக்மனினோவ் பாட்டின் கடைசி வரியில், நீ, என் கனவே என்கிற இடத்தில் வருவது இந்தச் சொல்தான். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், அந்த ஒலி வரவே இல்லை என்று சொல்லும்போது "பத்து, எட்டு, பாட்டு" என்று சொல்லச் சொல்வேன். முகம் மலர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய நெருக்கம், நீ, நீங்கள். ரஷ்ய மொழியில் இரண்டும் தனித்தனிச் சொல். கிளிங்கா அமைத்த பாட்டில் புஷ்கின் அவளை நீ என்கிறார். அவருடைய இன்னொரு கவிதை, உங்களை நேசித்தேன், அந்த நேசம் இன்னும் முழுதாக அணைந்திருக்காது என்று தொடங்குவது, பலர் இசையமைத்தது, அங்கே தொடக்கம் முதல் கடைசி வரை நீங்கள்தான். விலகி நின்று, மரியாதையோடு, இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்கிறவன் குரல் அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், இந்த வித்தியாசம் மொத்தமும் கரைந்துபோகும். தமிழில் அப்படியே நிற்கும். அன்று அரங்கில் கொடுத்த தாளில் எல்லாக் கவிதைக்கும் ஆங்கிலப் பொருள் அச்சிட்டிருந்தார்கள், அதுவே நல்ல காரியம். தமிழில் கொடுத்திருந்தால் பாதிப்பேருக்கு இன்னும் ஆழமாகப் போயிருக்கும். மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலில் வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து ரஷ்யாவை நேசித்த ஒரு தலைமுறையே நம்மிடம் இருக்கிறது. கதைக்கும் நாவலுக்கும் அப்போது கிடைத்தது பாட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

சோகம் என்ற தீர்ப்புக்கு அதிகம் எழுத மாட்டேன். அன்றைக்கு முதல் பகுதியைப் "வசந்த வெள்ளம்" என்ற பாட்டோடு முடித்தார்கள், தியூச்சவின் கவிதை, ராக்மனினோவ் 1896இல் அமைத்தது. வயலில் பனி இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது, ஆனால் தண்ணீர் வசந்தம் வருகிறது, வசந்தம் வருகிறது என்று கத்திக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் முழுக்கப் பியானோவில்தான் ஓடுகிறது, அலை அலையாகக் கை மேலும் கீழும் பாய்கிறது. அதைத் தன் முதல் பியானோ ஆசிரியைக்குக் காணிக்கை ஆக்கினார் அவர். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவர் சோகம் என்று எழுதினால் அவர் பாடகியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சைகோவ்ஸ்கியின் "கூட்டத்தின் இரைச்சல் நடுவே" (அலெக்சேய் டால்ஸ்டாய் எழுதியது, நமக்குத் தெரிந்த லியோ டால்ஸ்டாயின் உறவினர்) பாட்டிலும் அழுகை இல்லை. நடன அரங்கில் ஒரு பெண்ணைப் பார்த்தவன், இரவில் தனியாகப் படுத்து, இது காதலா என்று தெரியவில்லை, ஆனால் காதல் என்றுதான் தோன்றுகிறது என்கிறான். பியானோவில் ஒரு வால்ட்ஸ் நடனம் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல மெலிதாகச் சுழல்கிறது. முசோர்க்ஸ்கி என்ற இசையமைப்பாளரின் நான்கு மரணப் பாடல்களை வேண்டுமானால் இருட்டு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன், குழந்தைக்குத் தாலாட்டுப் பாட மரணமே வந்து உட்காருகிற பாட்டெல்லாம் அதில் உண்டு, ஒரே பாடகர் தாயாகவும் மரணமாகவும் மாறி மாறிப் பாட வேண்டும். அன்றைக்கு அவை நிரலில் இல்லை.

உங்கள் பத்திரிகை எழுதக்கூடிய ஒரு செய்தியும் சொல்கிறேன், நம் பக்கத்துச் செய்தி. நிக்கோலாய் மெத்னர் என்று ஓர் இசையமைப்பாளர், ராக்மனினோவின் நண்பர், அவரும் ரஷ்யாவை விட்டு வெளியேறியவர். நூற்றுக்கும் மேல் பாட்டு எழுதினார், அவற்றில் பியானோ பகுதி தனி வாசிப்புக்கு எழுதியது போல அவ்வளவு கடினம். கடைசிக் காலத்தை லண்டனில் வசதியில்லாமல், உடம்பும் சரியில்லாமல் கழித்தார். அவர் இசையைத் தட்டுகளில் பதிய வைக்க 1940களின் இறுதியில் பணம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். 1949இல் லண்டனில் மெத்னர் சங்கம் அவர் உதவியால்தான் தொடங்கியது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கர்நாடகக் கீர்த்தனைகள் இயற்றிய அதே மகாராஜா, 1964 முதல் 1966 வரை நம் மதராஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்த அதே மனிதர். மெத்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) அவருக்குக் காணிக்கை ஆக்கினார். அந்தப் பதிவுகளில் பாட்டுகளும் உண்டு. 1950இல் எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் என்ற பெரும் பாடகி பாட, மெத்னரே பியானோவில் உட்கார்ந்து வாசித்தார், அடுத்த வருடம் இறந்துவிட்டார். மைசூர் அரண்மனைப் பணத்தில் ஒரு ரஷ்யர் தன் பாட்டுகளைத் தன் விரலாலேயே விட்டுச் சென்றிருக்கிறார். அந்தப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு முறை கேட்டால் பியானோவைப் பின்னணி என்று எழுதக் கை வராது.

வாசகர்களில் யாருக்காவது கேட்கத் தோன்றினால் இரண்டு ஜோடிகளைச் சொல்வேன். ராக்மனினோவ் பாட்டுகளுக்கு எலிசபெத் சோடர்ஸ்ட்ரோம் பாட, விளாதிமிர் அஷ்கனாசி பியானோ வாசிப்பது. அடுத்தது கலீனா விஷ்னெவ்ஸ்கயா பாட, அவர் கணவர் ரஸ்த்ரபோவிச் பியானோ வாசிப்பது. உலகமே செல்லோ கலைஞராக அறிந்த மனிதர் மனைவிக்காகப் பியானோவில் உட்காருவார், அவர் மூச்சு விடும் இடத்தில் இவர் கையும் மூச்சு விடும்.

கேட்பது இரண்டுதான். அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது இரண்டு பேர் பெயரும், கவிஞர் பெயரும் இருக்கட்டும். அறிவிப்புப் போடும்போது, வாசிப்பவர் கை கட்டையை விட்டு எழும் வரை பொறுத்திருந்து கைதட்டவும் என்று ஒரு வரி சேருங்கள், முடிந்தால்.

சென்ற ஞாயிறு விட்டுப்போன பெயரை வரும் ஞாயிறு ஒரு சின்னத் திருத்தமாகவாவது போட வேண்டும். தேடி அலைய வேண்டாம், அன்று அரங்கில் கொடுத்த நிகழ்ச்சி நிரல் தாளை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே, பாடகியின் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
பியானோ வாசிக்கும் ஒரு வாசகி,
சென்னை